பூர்ஜ மரத்துக் கடுதாசி

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாமுங்க. ஒரே சன்னலை அஞ்சு மாசத்துக்கு மேல பாத்துட்டு உக்காந்திருந்தவன் நான், அதோட சன்னல்னா ஆசையே விட்டுப்போச்சு. நத்தக்காடையூர் வந்தா மட்டும் ஒரு குரல் குடுங்க. நான் பேச ஆரம்பிச்சா ஊரு போறது தெரியாது.

மச்சினன் ஊட்டுக்குப் போறனுங்க. சம்சாரத்தைக் கூட்டிட்டு வரோணும். பொண்ணு கல்யாணம் முடிஞ்சு இருபதாம் நாளு கெளம்பிப் போனா, இன்னிக்கோட முப்பத்தாறு நாளாச்சு. பத்து நாள்ல வந்தர்றேன்னு சொன்னா. சொன்னாளா? சொல்லலைன்னுதான் நெனைக்கறேன். நானா நெனச்சுக்கிட்டது. போன் அடிச்சாலும் எடுக்கறதில்லை. தோட்டத்துக்குள்ள ஊடு, டவர் கெடைக்காதாட்ட இருக்குது.

இதுங்களா? பையில சுருட்டி வெச்சிருக்கறது? தோல் இல்லீங்க, மரப்பட்டை. தொட்டுப் பாருங்க. காயிதமாட்ட இருக்குதல்ல? வடக்க பனிமலையில மட்டும் இருக்கற மரமுங்க. போஜ்பத்ராம்பாங்க அங்க. நம்ம பக்கம் அதுக்குப் பூர்ஜ மரம்னு பேருன்னு ஒரு ஜோசியக்காரரு சொன்னாரு. எந்திரம் எழுதறதுக்கு அந்தப் பட்டைதான் வேணும்னு அலைவாங்களாம். இது நான் என் கையால உரிச்சது. என் சம்சாரத்துக்கு நான் எழுதின கடுதாசி. இருவத்தி மூணு வருசமாச்சு, ஒரு பூச்சி அரிக்கலை பாருங்க.

இந்தப் பட்டையால நான் பட்ட பாட்டைச் சொன்னா நம்ப மாட்டீங்க.

நமக்குத் திருச்செங்கோடுங்க. ஊர்ல பாதிப்பேரு போர் போடற ரிக் வண்டி, மீதிப்பேரு அந்த வண்டிக்கு டீசல் ஊத்தறவங்க. நான் டிரில்லரு. ஆந்திரா, ஒடிசா, மத்தியப் பிரதேசம்னு நான் குழி போடாத ஊரு இல்லை. அந்த வருசம் புரட்டாசியில ஊர்ல இருந்து கெளம்பின எங்க வண்டி, ஐப்பசி கடைசியில மணாலியத் தாண்டி, கணவாய் ஏறி எறங்கி, அக்கட்டால ஒரு ஊருக்குப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு போர் போடோணும். முப்பது ஊடு இருக்கும். பேரு நம்ம வாயில நுழையாது.

நூத்தி நாப்பதடியில மேல இருந்து உருண்டைக்கல்லு சரிஞ்சு ஹேமர் மாட்டிக்கிச்சு. ஹேமருன்னா ராடு நுனியில இருந்து பாறைய ஒடைக்கற சாமானுங்க. அதுதான் டிரில்லருக்கு மானம். நாலு நாள் இழுத்துப் பாத்தோம், அசையலை. இனிப் பனி உழுந்தா கணவாய் மூடிரும், வண்டி மாட்டிக்கும்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. எங்க மேனேஜரு, "கெடக்குது உடுறா, ஏறு வண்டியில"ன்னாரு. நான் ஏறலை. "என் கையில மாட்டின ஹேமரை எடுக்காம நான் வர மாட்டனுங்க. இழுத்துத் தூக்கற செயின் பிளாக்கை மட்டும் உட்டுட்டுப் போங்க, நாலு நாள்ல எடுத்துட்டு லாரி புடிச்சு வர்றேன்"னேன். வண்டி போச்சு. மூணாம் நாளு பனி உழுந்துச்சு. கணவாய் மூடிருச்சு.

இப்பத்தான் மலைக்குள்ள சொரங்கம் தோண்டி ரோடு போட்டுட்டாங்க. அப்ப அதெல்லாம் இல்லை. கார்த்திகையில மூடினா சித்திரையிலதான் தெறக்கும். போனும் கெடையாது. போலீஸ் ஸ்டேசன்ல ஒரு ஒயர்லெஸ்ஸு, அதுவும் ஆறு மைல்.

ஹேமரா? அது இன்னும் அங்கயேதான் கெடக்குது தம்பி.

அங்மோன்னு ஒரு அக்கா. அவங்க ஊட்டுல என்னைத் தங்க வெச்சாங்க. புருசன் குல்லுப் பக்கம் வேலைக்குப் போனவரு, அவரும் அக்கட்டால மாட்டிக்கிட்டாரு. ஊட்டுல அக்கா, மாமியாக்கெழவி, ரெண்டு புள்ளைங்க, கீழ் அறையில ஆடு, மாடு. எல்லாரும் ஒரே அறையில அடுப்பைச் சுத்திப் படுத்துக்கறது. கதவைத் தெறந்தா சுவரு. வெள்ளைச் சுவரு. கொத்தி வழி பண்ணினா மறுநா மூடிக்கும். ஒரு சாணு சன்னலு, அதுல பாதி பனி, மீதியில எதுத்த மலை. அவ்வளவுதான் என் உலகம்.

சோத்துக்குக் கொறை இல்லீங்க. பொய் சொல்லப்படாது. வாற்கோதுமை ரொட்டி, உருளக்கிழங்கு, உப்புப் போட்ட வெண்ணெய் டீ. மூணு வேளையும் குடுத்தாங்க. ஆனா ஒரு மனுசனுக்குச் சோறு மட்டும் போதுமா? நீங்களே சொல்லுங்க. எங்க போறதுன்னாலும் அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் போவோணும். ஒண்ணுக்குப் போறதுக்கும் சொல்லிட்டுப் போவோணும். பனி சரிஞ்சா எந்தப் பக்கம் தேடறதுன்னு தெரியோணுமாம். எனக்கு மானமே போச்சுங்க. முப்பத்திரண்டு வயசு ஆம்பளை, ஒரு பொம்பளை மொகத்தைப் பாத்து, "போயிட்டு வரட்டுங்களா"ன்னு கேட்டுட்டு நிக்கறேன். அந்தக் கொடுமைய அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

ஊருக்கு மேல சரிவுல அந்த மரக்காடு. வெள்ளை வெளேர்னு, அடியில முழங்கையாட்ட வளைஞ்சு, அப்பறம் நிமுந்து நிக்கும். சின்னதுல இருந்து பனி அமுக்கி அமுக்கி அப்படி வளைஞ்சு போயிருதாம். அந்த மரம் இல்லாட்டி அவங்களுக்குப் பொழப்பே இல்லீங்க. மொட்டை மாடி போடறதுக்குப் பட்டைய அடுக்கடுக்கா விரிச்சு மேல மண்ணு போடுவாங்க, ஒரு சொட்டு ஒழுகாது. வெண்ணெயப் பட்டையில பொதிஞ்சு வெச்சா ஆறு மாசம் கெடாது. நனைஞ்ச பட்டை கூட தீக்குச்சி கிழிச்சா சடசடன்னு புடிக்கும். கட்டையில கரண்டி, கிண்ணம். அதையெல்லாம் விட, மேல இருந்து உருண்டு வர்ற பனிய அந்தக் காடுதான் தாங்குது. அதனால அங்க ஒரு சட்டம். தானா சாஞ்ச மரத்துல மட்டுந்தான் பட்டை எடுக்கலாம். நிக்கற மரத்துல நகம் படப்படாது. சாஞ்ச மரத்தையும் பொம்பளைங்க சங்கம் ஊட்டுக்கு ஊடு பங்கு போட்டுக் குடுக்கும். அங்மோ அக்காதான் அந்தச் சங்கத்துக்குத் தலைவி.

எனக்கு இது தெரியும். தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்.

என் நெலமையக் கேளுங்க. நான் கெளம்பறப்ப பூவாத்தா மூணு மாசம். பூவாத்தான்னா என் சம்சாரம். தை மாசம் ஏழு நடக்கும். ஏழாம் மாசம் நம்ம பக்கம் கட்டுச்சோத்து விருந்து வெப்பாங்களல்ல? பொறந்த ஊட்டுக்காரங்க கட்டுச்சோறு கொண்டுவந்து எல்லாருக்கும் போட்டு, வளையலை மாட்டி, தலைப்பிரசவத்துக்குப் புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாங்க. வழக்கம்தான். ஆனா என் மாமனாரு கொளந்தசாமி எனக்குப் பண்ணின மரியாதை என்னன்னு உங்களுக்குத் தெரியாது. தலைத் தீவாளி நோம்பிக்குப் போனப்ப என்னை ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சாரு. ஆமாங்க. முதல் பந்தியில அவரு பங்காளிங்க. மாப்பிள்ளை நான் வாசல்ல நின்னு கை கழுவறவங்களைப் பாத்துட்டிருந்தேன். அதுக்கு அவரு வந்து ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் என் பொண்டாட்டி அந்த ஊட்டுப் படி மிதிக்கப்படாதுன்னு நெனச்சிருந்தேன். நான் ஊர்ல இருந்தா கட்டுச்சோறே கட்டியிருக்க மாட்டாங்க. நான் இல்லாத நேரம் பாத்துக் கூட்டிட்டுப் போயிருவாங்களே!

மார்கழி பூரா இதே ரோதனைதான். தூக்கம் வரலை. சன்னலைப் பாத்துட்டே உக்காந்திருப்பேன். அவ பெட்டியெடுத்துட்டுக் கார்ல ஏறறது கண்ணுக்குள்ள தெரியும். இங்க நான் மாட்டிக்கிட்டுக் கெடக்கேன், அங்க அவ இஷ்டத்துக்குப் போறா.

குளுர் காலத்துல கவர்மென்டு ஹெலிகாப்டரு வரும். வானம் தெளிஞ்சாத்தான். ஒரு தடவைக்கு எங்க ஊருக்கு மூணு எடம். யாரு போறதுன்னு பொம்பளைங்க சங்கம் பட்டியல் போட்டுக் குடுக்கும். நோயாளி, அப்பறம் அவசரம், அப்பறம் மத்தவங்க. நான் நாலாவது. தை பொறந்து பத்து நாள்ல ஒண்ணு வருதுன்னு சேதி வந்துச்சு. போலீஸ்காரரு ஒருத்தரு, வயித்துவலிக்காரப் பெரியவரு, ஒரு வாத்தியாரு, மூணு பேரு. அதுக்கு அடுத்ததுல நான்.

அடுத்தது வர்றதுக்குள்ள கட்டுச்சோறு முடிஞ்சிரும். அதனால போலீஸ்காரர்கிட்ட ஒரு கடுதாசி குடுத்து உட்டரலாம்னு முடிவு பண்ணினேன். என்கிட்டக் காயிதம் இல்லை. குழி ஆழம் குறிக்கற நோட்டு நனைஞ்சு கூழாப் போச்சு. அக்காகிட்டக் கேக்கலாம், புள்ளைங்க நோட்டு இருக்குது. ஆனா சோத்துக்கும் அவங்க கை, ஒண்ணுக்குப் போறதுக்கும் அவங்க உத்தரவு, இனி ஒரு தாள் காயிதத்துக்கும் கை நீட்டறதா? எனக்கு மனசு வரலை. மத்தியானம், எல்லாரும் ஆட்டுக்குத் தழை போடக் கீழ போயிருந்தாங்க. சொல்லாம கொள்ளாம கெளம்பி மேல ஏறினேன். இடுப்பளவு பனி. முதல்ல நின்ன மரத்துல கத்திய வெச்சு, மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து, நடுவுல ஒரு கீறு. சட்டையக் கழட்டற மாதிரி உரிச்சுட்டேன். உள்ளுக்குள்ள செவப்பா, ஈரமா இருந்துச்சு.

மேலாப்பல ரெண்டு அடுக்கு மட்டும் உரிச்சா மரத்துக்கு ஒண்ணும் ஆவாதாம். நான் கட்டை தெரியற வரைக்கும் சுத்தியும் எடுத்துட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? பாறையத் தொளைக்கறவனுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?

பேனாவைக் கக்கத்துல வெச்சு சூடு பண்ணி எழுதினேன். மறுநா ஹெலிகாப்டரு வந்துச்சு, கடுதாசி போச்சு. அப்பாடான்னு இருந்துச்சுங்க. அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன்.

அடுத்த நாளு பொம்பளைங்க காட்டைச் சுத்திப் பாக்கப் போனவங்க பாத்துட்டாங்க. பனியில என் காலடி, ஊட்டு வாசல்ல இருந்து மரம் வரைக்கும் நேராப் போவுது. சங்கம் கூடிருச்சு. திட்டியிருந்தாக் கூடப் பொறுத்திருப்பேன். ஒருத்தியும் சத்தம் போடலை. சாணியும் மண்ணும் கொழைச்சு, என்னையும் கூட்டிட்டுப் போயி, அந்த மரத்துக்குப் பூசி, பழைய கம்பளியச் சுத்திக் கட்டச் சொன்னாங்க. மரத்துக்குக் கட்டுப் போடறாங்களாம்! எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அப்பறம் அக்கா பட்டியலை எடுத்து, என் பேரை அடிச்சு, கடைசியில எழுதிட்டாங்க. இருவத்தி ரெண்டாவது.

அங்கதான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு. கால்ல உழுவாத கொறையாக் கெஞ்சினேன். "நிக்கற மரத்துல கை வெச்சவன் கடைசி. என் புருசனா இருந்தாலும் கடைசிதான்"னாங்க. எல்லாம் அரைகொறை இந்திதான். அப்பறம் ஊட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்துட்டு, "அப்படி என்னடா எழுதின? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நோட்டுல கிழிச்சுக் குடுத்திருப்பனே"ன்னாங்க. நான் சொன்னேன். நான் வர்ற வரைக்கும் என் பொண்டாட்டி வாசப்படி தாண்டப்படாது, அதான் எழுதினேன்னு.

அடுப்புல ஒரு கட்டையத் தள்ளி உட்டாங்க. "உங்க ஊர்ல பனி உழுவுமா?"

"இல்லீங்க்கா."

"கணவாய் மூடுமா?"

"எங்க ஊர்ல கணவாயே இல்லை."

"அப்பறம் எதுக்கு அவ உள்ள இருக்கோணும்?"

அவங்களுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? மாப்பிள்ளை மரியாதை என்ன தெரியும்? கம்பளிய இழுத்துப் போத்திட்டுப் படுத்துக்கிட்டேன்.

கடுதாசி பன்னண்டு நாள்ல போயிருச்சுங்க. சரியா கட்டுச்சோத்து விருந்து அன்னிக்கு! பூவாத்தா ரெண்டு கை நெறைய வளையலு, பட்டுச்சேலை, பெட்டி கட்டி வாசல்ல வெச்சாச்சு. மாமனாரு கார் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. தபால்காரன் வர்றான். எங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்தூட்டு வாத்தியாரம்மா சபையில நின்னு படிச்சிருக்காங்க. அவ்வளவுதான், எங்கம்மா பெட்டியத் தூக்கி உள்ள வெச்சுட்டாங்க. மாமனாரு அழுதாராம். நம்மூட்டுலயேதான் பிரசவம் ஆச்சு, பங்குனியில. ரெண்டு நாள் வலி. பூவாத்தாளோட அம்மா வந்து திண்டாடித் தெருவுல நின்னாங்களாம், எங்கம்மா உள்ள உடலை. நான் எழுதினதை அட்சரம் தப்பாம பாத்துக்கிட்டாங்க. பொட்டப்புள்ள, நல்லாத்தான் பொறந்துச்சு. பாத்தீங்களா, ஒண்ணும் கெட்டுப்போவலை.

நான் போவலையே! அதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. மாசியில ஒரு ஹெலிகாப்டரு, பங்குனியில ரெண்டு. தலைக்கு மேல போவுது, நான் சன்னல் வழியாப் பாக்கறேன். பெத்த புள்ளை மொகம் பாக்க உடாம ஒரு மனுசனைப் புடிச்சு வெச்சுட்டாங்க, ஒரு சாண் பட்டைக்காக. இருக்கறயா, போறயான்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டாங்களா? அவங்களே பேசறாங்க, அவங்களே எழுதறாங்க. ஒரு ஆளை இப்படிப் பண்ணலாங்களா தம்பி?

சித்திரை கடைசியில கணவாய் தெறந்துச்சு. ஊரே வாசல்ல நின்னு, "கணவாய் தெறந்தாச்சு, கணவாய் தெறந்தாச்சு"ன்னு கத்துது. நான் அழுதுட்டனுங்க. வெக்கமில்லாமச் சொல்றேன், ஓன்னு அழுதேன். அக்கா ஒரு வெண்ணெய்க் கட்டியப் பட்டையில பொதிஞ்சு கையில குடுத்தாங்க. சாஞ்ச மரத்துப் பட்டை. போற வழியில அந்த மரத்தைப் பாத்தேன். கம்பளிக் கட்டோட நிக்குது, மேல பச்சைப்பசேல்னு துளிர் உட்டிருக்குது. "பாருங்க்கா, நல்லாத்தான் இருக்குது. இதுக்குப் போயி!"ன்னேன். அக்கா சொன்னாங்க, "சுத்தி உரிச்சா ஒடனே சாவாது. ரெண்டு மூணு வருசம் எலை உடும். பாக்கறவனுக்கு நல்லாத்தான் தெரியும்."

என்னமோ சொல்லோணும்னு சொல்றது. அப்பறம் நல்லாத்தான் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

இந்தக் கதைய பூவாத்தாகிட்ட நூறு தடவை சொல்லியிருப்பேன். அந்த சன்னலு, அந்தப் பட்டியலு, கணவாய் தெறந்தது. உக்காந்து கேப்பா. ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டா. அவ அப்படி. நான் வந்ததுக்கப்பறமும் பொறந்த ஊட்டுக்குப் போறேன்னு அவளும் கேக்கலை, நானும் போன்னு சொல்லலை. நல்லது கெட்டதுக்கு நானே கூட்டிட்டுப் போயி, பொழுதோட கூட்டிட்டு வந்துருவேன். அவங்கம்மா செத்தப்ப மூணு நாள் இருக்கட்டுமான்னு கேட்டா. இங்க மாடு கன்னு யாரு பாக்கறது? அத்தோட அவளும் கேக்கலை. தங்கமான பொம்பளைங்க. போன மாசம் வரைக்கும் நான் தொட்டது வெச்சது எல்லாம் அவதான் எடுத்துக் குடுப்பா. இப்பப் பாருங்க, கண்ணாடியத் தேடறேன் தேடறேன், கெடைக்கலை. முப்பத்தாறு நாளா ஒரு பேப்பர் படிக்கலை.

இந்தப் பட்டைய அவ டிரங்குப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தா. போறப்ப எடுத்துக் கட்டில் மேல வெச்சுட்டுப் போயிருக்கா. காத்தாட வெச்சிருப்பாளாட்ட இருக்குது. கையோட எடுத்துட்டு வந்துட்டேன், அவகிட்டயே குடுத்தரலாம்னு. படிங்க தம்பி, என் எழுத்து அப்ப முத்தாட்ட இருக்கும்.

ஆமா. "நான் வரும் வரை வாசப்படி தாண்டக் கூடாது. இது என் மேல் ஆணை. நாச்சிமுத்து." சரிதான்.

என்னது? பின்னாடியா? பின்னாடி நான் எழுதலீங்களே. வெள்ளைப் பக்கம் ஒண்ணும் எழுதலை. புது மையா? படிங்க பாப்போம்.

...

இன்னொருக்கா படிங்க.

"கணவாய் திறந்தாச்சு. நான் போகிறேன். கண்ணாடி அரிசி டப்பா மேல் இருக்கிறது."

அரிசி டப்பா மேலயா? நான் ஊடு பூராத் தேடினனுங்களே. அங்க பாக்கலை. அரிசி டப்பாவை நான் எப்பத் தொட்டேன்?

முப்பத்தாறு நாளா இந்தப் பட்டை கட்டில் மேலயேதான் கெடந்துச்சு தம்பி. நான் பக்கத்துலயே படுத்திருந்தேன்.

ஆமாங்க, கண்டக்டரு கூப்பிடறது கேக்குது. நத்தக்காடையூருதான். எறங்கோணும்னு தெரியுது. எறங்கிப் போயி அவகிட்ட என்னன்னு கேக்கறது? ஏன் போனேன்னா? வான்னா? நீங்க சொல்லுங்க.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். அவகிட்டயும் சொன்னதில்லை. மூணாம் வருசம் எங்கூர் வண்டி ஒண்ணு அங்க போயிட்டு வந்துச்சு. அந்த மரம் பட்டுப்போச்சாமுங்க.